ஆர்.வி. வண்டிக்குள் கழிவுநீர் நாற்றம்: அறிகுறியைக் கொண்டு காரணத்தைக் கண்டறியும் வழிமுறை

அமெரிக்காவில் படுக்கை, சமையலறை, கழிப்பறை கொண்ட வீட்டு வண்டியான ஆர்.வி.யை வாடகைக்கு எடுத்துக்கொண்டு யோசெமிட்டிக்கோ கிராண்ட் கேன்யனுக்கோ குடும்பத்துடன் புறப்படுபவர்களில் பலர், ஓரிரு இரவுகள் கழிந்ததும் வண்டிக்குள் கழிவு நாற்றத்தை உணரத் தொடங்குகிறார்கள். உடனே அவர்கள் செய்வது, அருகிலுள்ள கடையில் வாசனைத் திரவம் ஒன்றை வாங்கிக் கழிப்பறைக்குள் ஊற்றுவதுதான். நாற்றம் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று பார்க்காமல் ஊற்றப்படும் எந்தத் திரவமும் அதிக நாள் உதவாது. தொட்டியில் உள்ள கழிவு நாறத்தான் செய்யும். அந்தக் காற்று ஏன் கூரை வழியே வெளியேறாமல் நாம் உறங்கும் இடத்துக்கு வந்தது என்பதுதான் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

வண்டியின் அமைப்பை ஒருமுறை மனத்தில் பதித்துக்கொண்டால் அந்தக் கேள்விக்கு விடை காண்பது கடினமில்லை. கழிப்பறையிலிருந்து மலமும் சிறுநீரும் நேராக விழும் தொட்டியை பிளாக் டேங்க் என்றும், சமையல் தொட்டி (சிங்க்), கைகழுவும் தொட்டி, குளியல் அறை ஆகியவற்றின் நீர் சேரும் தொட்டியை கிரே டேங்க் என்றும் அழைக்கிறார்கள். இரண்டிலிருந்தும் வெண்ட் பைப் எனப்படும் காற்றுக் குழாய் கூரைக்குச் செல்கிறது. தொட்டியின் காற்று அறைக்குள் வராமல் தடுப்பவை மிகச் சிலவே: கழிப்பறைக் கிண்ணத்தின் அடியில் உள்ள ரப்பர் வளையமும் அதன்மேல் தேங்கும் நீரும், ஒவ்வொரு வடிகாலின் கீழும் வளைந்து நீர் தேங்கி நிற்கும் ட்ராப், சமையல் தொட்டியின் கீழ் இருக்கும் சிறிய காற்று வால்வு, கழிப்பறை தரையோடு பொருந்தும் இடத்திலுள்ள வளையம், குழாய் இணைப்புகள். உள்ளே நாற்றம் வந்தால், இவற்றில் ஒன்று பழுதாகியிருக்கிறது, அல்லது ஏதோ ஒரு விசை தொட்டிக் காற்றை இவற்றைத் தாண்டி இழுக்கிறது. எது என்பதை, நாற்றம் எப்போது வருகிறது, எந்த இடத்தில் மிகுகிறது என்ற இரண்டு செய்திகளே பெரும்பாலும் சொல்லிவிடும்.

சோதிக்கும்போது மூக்கை முழுதாக நம்பிவிடக் கூடாது. நாற்றத்தின் நடுவே சில நிமிடங்கள் இருந்தாலே மூக்கு அதற்குப் பழகிவிடும். கழிவில் உருவாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அடர்த்தி மிகுந்தால் முகரும் உணர்வையே மழுங்கச் செய்யும் தன்மை உடையது. எனவே கதவு, ஜன்னல்களை மூடிவிட்டு அனைவரும் வெளியே சென்று, அரைமணி நேரம் கழித்து ஒருவர் மட்டும் உள்ளே வந்து, கழிப்பறை, குளியல் வடிகால், சமையல் தொட்டியின் கீழ் அலமாரி என ஒவ்வோர் இடமாகக் குனிந்து முகர்ந்து பார்ப்பதே நம்பகமான முறை.

முதலில் விலக்க வேண்டிய ஐயம்: அழுகிய முட்டை போன்ற நாற்றம்

நாற்றம் மலத்தைப் போலன்றி அழுகிய முட்டையை அல்லது அழுகிய முட்டைக்கோசை நினைவூட்டினால், கழிவுத் தொட்டியை ஆராய்வதற்கு முன் இரண்டு ஆபத்துகளை விலக்கிவிட வேண்டும். அடுப்புக்கும் ஹீட்டருக்கும் பயன்படும் புரோப்பேன் இயல்பில் மணமற்றது. கசிவை உணர்வதற்காகவே அதில் எத்தில் மெர்கேப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். கசிவு என்ற ஐயம் எழுந்தால் விளக்கு சுவிட்சைக்கூடத் தொடாமல், தீயை மூட்டாமல், அனைவரையும் வெளியேற்றி, வெளியிலுள்ள சிலிண்டர் வால்வை மூடிவிட்டு, நாற்றம் நீங்காவிட்டால் தொலைவில் நின்று 911 என்ற அவசர உதவி எண்ணை அழைக்க வேண்டும். புரோப்பேன் காற்றைவிடக் கனமானது என்பதால் அதைக் கண்டறியும் கருவியைத் தரைக்கு அருகில் பொருத்தியிருப்பார்கள். அது ஒலித்தால், கழிவு நாற்றத்தால்தான் ஒலிக்கிறது என்று நீங்களாகவே முடிவு கட்டி அணைத்துவிடக் கூடாது.

இரண்டாவது ஆபத்து பேட்டரி. ஈய-அமில பேட்டரி அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகும்போது அதுவும் ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளியிடும். அந்த நாற்றம் கழிவு நாற்றத்தைப் போலவே இருப்பதால், வண்டி மின் இணைப்பில் இருக்கும்போது மட்டும் நாறுவதை எவரும் எளிதில் கவனிப்பதில்லை. பேட்டரி பெட்டியருகே நாற்றம் மிகுந்தாலோ, பேட்டரி சூடேறி உப்பியிருந்தாலோ, அதைத் தொடாமல், முகாமின் மின்கம்பத்திலுள்ள பிரேக்கரை அணைத்துவிட்டு, கதவுகளைத் திறந்துவைத்து வெளியேற வேண்டும். தலைவலி, கண் எரிச்சல், குமட்டல் ஆகியவை ஒருவருக்கு மேற்பட்டோருக்கு ஒரே நேரத்தில் வந்தால் ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு வெளிக்காற்றுக்குச் சென்றுவிடுங்கள்.

கழிப்பறையில் எந்நேரமும் நாற்றம்

கிண்ணத்தில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு நீரை விட்டு, நீர்மட்டத்தைக் குறித்துக்கொண்டு, ஒரு மணி நேரம் எவரும் பயன்படுத்தாமல் வைத்திருங்கள். நீர் குறைந்திருந்தால் காரணம் கிடைத்துவிட்டது: அடியில் உள்ள ரப்பர் வளையம் சரியாக மூடவில்லை. பெரும்பாலும் காகிதத் துணுக்கோ, கடின நீரால் படிந்த சுண்ணாம்போ வளையத்துக்கும், கிண்ணத்தின் அடியைத் திறந்து மூடும் அடைப்பானுக்கும் இடையில் இருக்கும். தண்ணீர் இணைப்பை மூடிவிட்டு, கையுறை அணிந்து, மிதிகட்டையை அழுத்தி அடைப்பானைத் திறந்த நிலையில் வைத்து, பழைய பல்துலக்கியால் வளையத்தின் மேலும் கீழும் தேய்க்க வேண்டும். சுண்ணாம்புப் படிவுக்கு வெள்ளை வினிகர் போதும். பிறகு சிலிகோன் கிரீஸை மெல்லியதாகத் தடவலாம். பெட்ரோலியம் ஜெல்லியைத் தடவக் கூடாது. அது ரப்பரை நாளடைவில் உப்பச் செய்துவிடும். இவ்வளவு செய்தும் நீர் இறங்கினால் வளையத்தை மாற்ற வேண்டியதுதான். அது வரை, ஒவ்வொரு முறையும் சிறிது நீரைக் கிண்ணத்தில் சேர்த்துக்கொண்டே இருந்தால் நாற்றம் கட்டுப்படும்.

நீர் அப்படியே நின்றும் நாற்றம் வந்தால், கழிப்பறையின் அடிப்பாகத்தைச் சுற்றி முகர்ந்து பாருங்கள். உட்காரும்போது கழிப்பறை சற்றே ஆடினாலோ, நீர் விட்டபின் அடியில் ஈரம் தெரிந்தாலோ, தரையோடு பொருந்தும் வளையம் நசுங்கியோ விலகியோ இருக்கிறது. போல்ட்டுகளைச் சிறிது சிறிதாக மாற்றி மாற்றி இறுக்கலாம். வலிந்து இறுக்கினால் கழிப்பறையின் அடிப்பகுதி வெடித்துவிடும்.

நீரை விடும் நேரத்தில் மட்டும் நாற்றம்

மிதிகட்டையை அழுத்தும் அந்தச் சில நொடிகள் தொட்டிக்கும் அறைக்கும் இடையே தடுப்பே இல்லாத நேரம். அந்த நேரத்தில் குளியலறைக் கூரையிலுள்ள மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தால், அது உறிஞ்சும் காற்றுக்கு ஈடாகத் தொட்டிக் காற்று மேலெழுந்து அறைக்குள் வரும். நாற்றம் போக வேண்டும் என்பதற்காகப் போடப்படும் விசிறியே நாற்றத்தை வரவழைப்பதால்தான் புதியவர்கள் இங்கே குழம்புகிறார்கள். விசிறியை நிறுத்திவிட்டு நீரை விட்டு, அடைப்பான் மூடிய பிறகே அதைப் போட வேண்டும். போடும்போது வேறோர் அறையின் ஜன்னலைச் சிறிது திறந்துவைத்தால் விசிறி அங்கிருந்து காற்றை எடுத்துக்கொள்ளும்.

விசிறி ஓடாதபோதும் நாற்றம் எழுந்தால், ஒலியைக் கவனியுங்கள். நீர் நிறைந்த புட்டியைக் கவிழ்க்கும்போது காற்று முண்டிக்கொண்டு புகுவது போன்ற ‘களக் களக்’ ஒலி கேட்டால், தொட்டிக்குள் விழும் நீருக்கு இடம்விட்டு வெளியேற வேண்டிய காற்றுக்குக் கூரை வழி அடைபட்டிருக்கிறது என்று பொருள். தொட்டி நிரம்பும் நிலையில் இருப்பதும் ஒரு காரணமாகலாம். எனவே முதலில் காலிசெய்து பாருங்கள். காலிசெய்த பின்னும் ஒலி தொடர்ந்தால் வெண்ட் பைப்பின் கூரை மூடிக்குள் குளவிக் கூடோ பறவைக் கூடோ இலைச் சருகோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாடகை வண்டியின் கூரைமேல் நீங்கள் ஏறாதீர்கள். பல வண்டிகளின் கூரை எல்லா இடத்திலும் ஆள் எடையைத் தாங்காது. சொந்த வண்டியானால், மூடியைக் கழற்றிக் குழாய்க்குள் தோட்டக் குழாயால் நீரை விட்டுப் பார்க்கலாம்.

மற்றொரு பிழை உண்டு. வெண்ட் பைப் தொட்டியின் மேல்முகட்டோடு நிற்க வேண்டியதற்கு மாறாக உள்ளே ஆழமாக இறங்கியிருந்தால், கழிவு அந்த மட்டத்தைத் தொட்டவுடன் குழாயின் வாய் மூழ்கி, காற்றுக்குக் கழிப்பறையைத் தவிர வேறு வழி இல்லாமற்போகும். தொட்டி பாதிக்கு மேல் நிறைந்த பிறகே நாறும், காலிசெய்தால் நின்றுவிடும் என்ற அறிகுறி மீண்டும் மீண்டும் தோன்றினால் இதை ஐயுறலாம். குழாயைச் சிறிது உயர்த்திப் பொருத்தினால் தீர்ந்துவிடும் என்றாலும், அதைப் பழுது பார்ப்பவரிடம் விடுவதே நல்லது.

வண்டி ஓடும்போது மட்டும் நாற்றம்

ஓடும் வண்டியில் ஜன்னலோ கூரைத் துவாரமோ திறந்திருந்தால் உள்ளிருக்கும் காற்று வெளியே இழுக்கப்பட்டு, அறைக்குள் அழுத்தம் குறைந்து, தொட்டிக் காற்று உள்ளே வரும். வளைவுகளில் குலுங்கும்போது கிண்ணத்திலும் ட்ராப்புகளிலும் உள்ள நீரும் சிந்திக் குறைந்துபோகும். யோசெமிட்டியின் கிழக்கு வாயிலான டியோகா கணவாய் ஏறத்தாழ 3,030 மீட்டர் உயரத்தில் உள்ளது. அத்தகைய ஏற்றத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறையக் குறையத் தொட்டியின் காற்று விரிந்து வெளியேறப் பார்க்கும். வெண்ட் பைப் நன்றாக இருந்தால் அது கூரை வழியே போய்விடும். அடைபட்டிருந்தால் ட்ராப்பின் நீரைத் தள்ளிக்கொண்டு அறைக்குள் வந்துவிடும். புறப்படுமுன் கிண்ணத்தில் நீர் விட்டு, வடிகால்களை அடைப்பான்களால் மூடி, குளியலறைக் கதவையும் கூரைத் துவாரத்தையும் மூடிவிட்டு ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலோருக்கு இதற்குமேல் எதுவும் தேவைப்படுவதில்லை.

சமையல் தொட்டி அல்லது குளியல் வடிகாலிலிருந்து நாற்றம்

பல வாரங்கள் நிறுத்திவைக்கப்பட்ட வண்டியின் முதல் நாளில் இந்த நாற்றம் வந்தால், ட்ராப்பில் இருந்த நீர் வற்றிவிட்டது என்பதே காரணம். ஒவ்வொரு வடிகாலிலும் இரண்டு குவளை நீரை ஊற்றினால் போதும். துணி துவைக்கும் இயந்திரம் பொருத்துவதற்காக அலமாரிக்குள் விடப்பட்டிருக்கும் வடிகால் குழாயை எவரும் நினைப்பதில்லை. இயந்திரம் இல்லாத வண்டிகளில் அதன் ட்ராப் எப்போதும் வறண்டே கிடக்கும். அதிலும் நீரை ஊற்றி, வாயை மூடியால் அடைத்துவிடுங்கள்.

நீர் ஊற்றியும் அலமாரிக்குள் நாற்றம் நீங்காவிட்டால், அங்கே குழாயின் உச்சியில் நிற்கும் காளான் வடிவப் பிளாஸ்டிக் மூடியைப் பாருங்கள். நீர் வடியும்போது காற்றை உள்ளே விட்டு, மற்ற நேரத்தில் மூடிக்கொள்ள வேண்டிய காற்று வால்வு அது. அதன் ரப்பர் இறுகிப்போனாலோ ஸ்பிரிங் சோர்ந்தாலோ திறந்தபடியே நின்றுவிடும். கையால் திருகிக் கழற்றிப் புதியதை மாட்டலாம்; விலையும் குறைவு. பழுது பார்க்கும் இடங்களில் கழிப்பறையையே கழற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியில் இந்தச் சிறு வால்வுக்கு வருவதும் உண்டு என்பதால், முதலில் இதைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

வால்வும் ட்ராப்பும் நன்றாக இருந்தும் புளித்த நாற்றம் வந்தால், கிரே டேங்கில் போகும் நீரையே ஆராய வேண்டும். நம் சமையலுக்கு இங்கே தனிப் பங்கு உண்டு. சோறு வடித்த கஞ்சி, மோர், சாம்பார் மிச்சம், தாளித்த எண்ணெய் ஆகியவை கோடை வெயிலில் சூடேறிய தொட்டிக்குள் ஒரே நாளில் புளித்து, பிளாக் டேங்கைவிட மோசமாக நாறும். பாத்திரங்களைக் காகிதத் துண்டால் துடைத்துக் குப்பையில் போட்ட பிறகே கழுவுங்கள். சமையல் தொட்டியின் வாயில் வலைச் சல்லடை இருக்கட்டும்.

கழிவு இணைப்புள்ள இடத்தில் கிரே டேங்கின் வால்வைத் திறந்தே வைத்திருந்தால், முகாமின் சாக்கடைக் காற்று குழாய் வழியாக ஏறி உங்கள் தொட்டிக்கு வந்துவிடும். வால்வை மூடி வைத்து நிறைந்தபின் திறப்பதே நல்லது; திறந்தே வைக்க விரும்புபவர்கள் வெளிக்குழாயை ஓரிடத்தில் தாழ வளைத்து நீர் தேங்கும்படி அமைப்பார்கள்.

எல்லாத் தடுப்பும் நன்றாக இருந்தும் நாளுக்கு நாள் நாற்றம் ஏறுகிறது

இது பிளாக் டேங்கின் உள்நிலையைப் பற்றியது. இதற்கு ஏறத்தாழ எப்போதும் ஒரே காரணம்தான்: நீர்ப் பற்றாக்குறை. தண்ணீரைச் சேமிக்க எண்ணி ஒவ்வொரு முறையும் ஒரு குவளை நீரோடு முடித்துக்கொண்டால், மலம் நீரில் மூழ்காமல் தொட்டித் தரையில் ஒட்டிக் காய்ந்து நாறும். தண்ணீரால் கழுவிக்கொள்ளும் நம் வழக்கம் இந்தத் தொட்டிக்கு நன்மையே செய்கிறது. தொட்டி விரைவில் நிரம்புமே என்று அதைக் குறைத்துக்கொள்ளாமல், கூடுதலாக ஒருமுறை காலிசெய்யத் திட்டமிடுங்கள்.

முழு இணைப்புள்ள, அதாவது தண்ணீர், மின்சாரம், சாக்கடை மூன்றும் தரும் முகாமில் பிளாக் டேங்கின் வால்வைத் திறந்தே வைப்பது இதைவிடப் பெரிய பிழை. நீர் மட்டும் ஓடிவிட, திடப்பொருள் கழிப்பறைக்கு நேர் கீழே கூம்பாகக் குவிந்து, இறுதியில் வழியையே அடைத்துவிடும். வால்வு மூடியே இருக்க வேண்டும். தொட்டி மூன்றில் இரண்டு பங்கு நிறைந்த பிறகு திறந்தால்தான் வேகமாகப் பாயும் நீர் திடப்பொருளை இழுத்துச் செல்லும். காலிசெய்த உடனே 10 முதல் 15 லிட்டர் நீரைத் தொட்டிக்குள் விட்டு, அதில் தொட்டிக்கான மருந்தைக் கலந்து, பிறகே பயன்படுத்தத் தொடங்குங்கள்.

கூம்பு ஏற்கெனவே உருவாகிவிட்டிருந்தால், தொட்டியை முக்கால் பாகம் நீரால் நிரப்பி, நொதி அல்லது பாக்டீரியா வகை மருந்தைச் சேர்த்து, ஓரிரவு ஊறவிட்டு, அடுத்த நாள் ஓட்டிச் சென்று குலுங்கிய பின் காலிசெய்யுங்கள். ஒருமுறையில் தீராவிட்டால் திரும்பவும் செய்யுங்கள். சிலர் பனிக்கட்டிகளைக் கொட்டி ஓட்டச் சொல்வார்கள். பனிக்கட்டி நீரில் மிதந்து உருகிவிடும் என்பதால் தரையைச் சுரண்டும் என்று நான் நம்பவில்லை. வண்டியில் தொட்டி கழுவும் தனி இணைப்பு இருந்தால் அது பயன்படும். ஆனால் கழிவு வால்வை மூடிவைத்து நீரைத் திறந்துவிட்டு அப்பால் போனால், தொட்டி நிறைந்து, கழிவு கூரைக் குழாய் வழியாகவோ கழிப்பறை வழியாகவோ பொங்கிவிடும், அருகிலேயே நில்லுங்கள்.

மருந்தைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவை. ஃபார்மால்டிஹைடு கலந்த திரவங்கள் நாற்றத்தை அடக்கினாலும், முகாம்களின் செப்டிக் தொட்டியில் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாக்களைக் கொன்றுவிடும். கலிஃபோர்னியா அவற்றுக்குத் தடை விதித்திருக்கிறது. பிளீச்சையும் பிளாக் டேங்கில் ஊற்றாதீர்கள்: அது வால்வுகளின் ரப்பரைக் கெடுப்பதோடு, சிறுநீரின் அமோனியாவோடு சேர்ந்து குளோரமின் என்ற நச்சு வாயுவை உருவாக்கும். ஈரத் துடைப்பான்கள், ‘கழிப்பறையில் போடலாம்’ என்று அச்சிடப்பட்டவையானாலும், தொட்டிக்குள் போகக் கூடாது. நீங்கள் வாங்கிய கழிப்பறைக் காகிதம் ஏற்றதா என்று அறிய, ஒரு தாளை நீர் நிறைந்த ஜாடியில் போட்டுக் குலுக்கிப் பாருங்கள். நூலாகப் பிரியாமல் தாளாகவே நின்றால் தொட்டியிலும் அப்படியே நிற்கும்.

வண்டிக்கு வெளியே, குழாய் இணைப்பருகே நாற்றம்

முழு இணைப்புள்ள இடங்களில், தரையிலிருந்து எழும் சாக்கடைக் குழாயோடு உங்கள் குழாய் ரப்பர் வளையத்துடன் இறுக்கமாகப் பொருந்தியிருக்கிறதா என்று பாருங்கள். வெறுமனே செருகி வைத்தால் காற்று அந்த இடைவெளி வழியே உங்களுக்கும் பக்கத்து இடத்தில் இருப்பவர்களுக்கும் வந்துகொண்டே இருக்கும். யெல்லோஸ்டோனில் முழு இணைப்பு தரும் முகாம் ஃபிஷிங் பிரிட்ஜ் ஒன்றே. யோசெமிட்டி முகாம்களில் இணைப்பே கிடையாது. பள்ளத்தாக்கில் அப்பர் பைன்ஸ் முகாம் அருகே, கழிவை இறக்கும் இடமான டம்ப் ஸ்டேஷனில்தான் காலிசெய்ய வேண்டும். அப்படிப்பட்ட இடங்களில் வடிகுழாயின் மூடி எப்போதும் மாட்டப்பட்டிருக்க வேண்டும்.

மூடியைக் கழற்றும்போதே கழிவு சொட்டினால், வடிகுழாயை அடைக்கும் கேட் வால்வின் தகடு முழுதாக மூடவில்லை. தகடு சரியும் பள்ளத்தில் காகிதம் சிக்குவதே பொதுவான காரணம். டம்ப் ஸ்டேஷனில் குழாயைப் பொருத்திய நிலையில், நீர் விட்டுக்கொண்டே வால்வைப் பலமுறை திறந்து மூடுங்கள். பயன் இல்லாவிட்டால் வடிகுழாயின் முனையில் திருகி மாட்டக்கூடிய இரண்டாவது வால்வு ஒன்றை வாங்கிப் பொருத்துவது பயணம் முடியும்வரை காப்பாற்றும். காலிசெய்யும் வரிசையும் முக்கியமானது: முதலில் பிளாக் டேங்க், பிறகு கிரே டேங்க், சோப்பு நீர் பின்னால் வந்து குழாயைக் கழுவும். குழாயை அலசும் நீர்க்குழாயைக் குடிநீர் பிடிக்க ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள்.

வெந்நீரில் மட்டும் நாற்றம்

குளிர்நீர் மணமற்றிருக்க, வெந்நீரைத் திறந்தால் மட்டும் அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அதற்கும் கழிவுத் தொட்டிக்கும் தொடர்பில்லை. எஃகுத் தொட்டி கொண்ட ஹீட்டர்களில் துருவைத் தடுக்க வைக்கப்படும் மெக்னீசியம் ஆனோடு கம்பியும், நீரிலுள்ள சல்பேட்டை உண்ணும் பாக்டீரியாக்களும் சேர்ந்து ஹைட்ரஜன் சல்ஃபைடை உருவாக்குகின்றன. ஹீட்டரை அணைத்து, நன்றாக ஆறவிட்டு, அழுத்தத்தை வெளியேற்றிய பின்னரே கம்பியைக் கழற்றித் தொட்டியை அலச வேண்டும். பிறகு நன்னீர்த் தொட்டியில் 57 லிட்டருக்கு 60 மி.லி. என்ற அளவில் வாசனை சேர்க்காத பிளீச்சைக் கலந்து, எல்லாக் குழாய்களிலும் அந்த மணம் வரும்வரை ஓடவிட்டு, சில மணி நேரம் நிறுத்திவைத்து, மணம் நீங்கும்வரை நல்ல நீரால் அலசுங்கள்.

எதுவும் பொருந்தாதபோது

மேற்கண்ட அனைத்தையும் பார்த்தும் நாற்றம் தொடர்ந்தால், சுவருக்குள் செல்லும் வெண்ட் பைப்பிலோ தொட்டியின் மேல்முகட்டு இணைப்பிலோ விரிசல் இருக்க வாய்ப்புண்டு; நீர் கசியாமல் காற்று மட்டும் கசிவதால் கண்ணுக்குத் தெரியாது. பழுது பார்ப்பவர்கள் கூரைக் குழாயை அடைத்துவிட்டு, தொட்டிக்குள் குறைந்த அழுத்தத்தில் புகையைச் செலுத்தி, அது எங்கே எழுகிறது என்று பார்ப்பார்கள். வாடகை வண்டியானால் இந்த நிலையில் நீங்களே சுவர்ப் பலகையைக் கழற்ற முற்படாமல், எந்த நேரத்தில், எந்த இடத்தில், எந்தச் சோதனைக்குப் பிறகு நாற்றம் வந்தது என்பதை எழுதி வைத்து, நிறுவனத்தை அழைத்து வேறு வண்டி கேளுங்கள். எழுதி வைத்த அந்தக் குறிப்பு, பழுது பார்ப்பவர் புகையைச் செலுத்துமுன் எந்தச் சுவரைக் கவனிக்க வேண்டும் என்பதை அவருக்குச் சொல்லிவிடும்.